விதைத்த நாளும் விளைந்த நாளும்

தீயைத் தொட்டால் கை உடனே சுடுகிறது. அந்தச் சூட்டிலேயே குழந்தை பாடம் கற்றுக்கொள்கிறது. நஞ்சுண்டவன் சில மணி நேரத்தில் துடிக்கிறான். காலராக் கிருமி கலந்த நீரைக் குடித்தவன் சில நாட்களுக்குள் படுக்கையில் வீழ்கிறான். செயலும் விளைவும் இவ்வாறு அருகருகே நிற்கும்பொழுது காரணத்தை அறிவதும், அறிந்தபின் விலகி நடப்பதும் மனிதனுக்கு எளிது. ஆனால் இன்று உண்ட உணவு ஐம்பது ஆண்டுகள் கழித்து உயிரைக் கொள்ளுமானால் என் செய்வது? உண்டவர் அதனை மறந்திருப்பார், படைத்தவர் மண்ணுக்குள் மறைந்திருப்பார், இடைப்பட்ட காலத்தில், "இதனால் யாருக்கு என்ன தீங்கு வந்தது?" என்று கேட்டு அதே உணவை ஊரே உண்டு முடித்திருக்கும்.

இத்தகைய நோய்கள் கற்பனையில் மட்டும் உள்ளவை அல்ல. பிரியான் நோய்கள் என்று மருத்துவ உலகம் அவற்றை அழைக்கிறது. மூளையைக் கடற்பஞ்சுபோல் துளைத்துவிடும் இந்நோய்களுக்கு இன்றுவரை மருந்தில்லை. தொற்றியவருக்கு நோய் வெளிப்பட்டுவிட்டால் மீட்சியும் இல்லை. இவற்றை உண்டாக்குவது பாக்டீரியாவோ வைரஸோ அன்று. உயிரே இல்லாத ஒரு புரதம். இந்த உண்மையை அறிய மனித குலத்துக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றை நாம் ஒருமுறை நினைவுகூர்வது நலம். ஏனெனில் அது நோயின் வரலாறு மட்டுமன்று. "சான்று இல்லை" என்னும் சொல்லை மனிதர் எப்படியெல்லாம் தவறாகப் பொருள் கொண்டனர் என்பதன் வரலாறும் ஆகும்.

உராயும் ஆடுகள்

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய இடையர்கள் தங்கள் மந்தைகளில் ஒரு விந்தையான நோயைக் கண்டனர். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு திடீரென வேலியிலும் மரத்திலும் உடம்பைத் தேய்க்கத் தொடங்கும். ரோமம் உதிர்ந்து தோல் புண்ணாகும் வரை தேய்க்கும். பின்னர் கால்கள் தடுமாறும், உடல் நடுங்கும், சில மாதங்களில் மடிந்துபோகும். ஆங்கிலேயர் இந்த உராய்தலைக் கொண்டே நோய்க்கு 'ஸ்கிரேப்பி' எனப் பெயரிட்டனர். நோயுற்ற ஆட்டை மந்தையிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும் என்று 1759ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழியில் எழுதிவைத்தார்கள். நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் இல்லாத அந்த இடையர் அனுபவம், இது ஒட்டுவாரொட்டி நோய் என்பதை உணர்ந்திருந்தது.

கற்றறிந்தோர் அதனை ஒப்புக்கொள்ள 1936 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் குய்யே, ஷெல் என்னும் இரு பிரெஞ்சுக் கால்நடை அறிஞர்கள், நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவை நல்ல ஆடுகளுக்குச் செலுத்தி நோய் தொற்றுவதை மெய்ப்பித்தனர். அவர்களுக்கு முன் முயன்றவர்கள் ஏன் தோற்றனர் தெரியுமா? அவர்கள் போதிய காலம் காத்திருக்கவில்லை, அவ்வளவே. இவ்விருவரோ ஓராண்டுக்கும் மேலாகப் பொறுத்திருந்தனர். பொறுமையே அங்குக் கருவியாயிற்று.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. உண்ணி கடிப்பதால் ஆடுகளுக்கு வரும் ஒரு மூளை நோயைத் தடுக்க, ஆட்டின் மூளை முதலான உறுப்புகளிலிருந்து தடுப்பூசி தயாரித்தனர். கிருமிகளைக் கொல்லும் ஃபார்மலின் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 18,000 ஆடுகளுக்கு அது போடப்பட்டது. தடுக்க நினைத்த நோயைத் தடுப்பூசி தடுக்கத்தான் செய்தது. ஆனால் சுமார் இரண்டாண்டுகள் சென்றபின் அந்த ஆடுகளில் பல வேலியில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கின! எடுத்த மூளைகளில் ஸ்கிரேப்பி மறைந்திருந்தது. ஃபார்மலினால் அதனை ஒன்றும் செய்ய இயலவில்லை. கிருமி எதுவும் பிழைக்காத மருந்தில் பிழைத்த அது எது? அந்தக் கேள்விக்கு அன்று விடையில்லை.

மனிதரிடத்திலும் இதை ஒத்த நோய் உண்டு என்பது இதற்கு முன்பே பதிவாகியிருந்தது. 1920இல் கிராய்ட்ஸ்ஃபெல்ட், 1921இல் யாக்கோப் என்னும் ஜெர்மானிய மருத்துவர்கள் அதனை விவரித்தனர். பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினருக்கு நினைவு தடுமாறி, நடை தளர்ந்து, சில மாதங்களில் உயிர் போய்விடும். உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே இது நேர்கிறது. இதற்கும் ஆட்டு நோய்க்கும் உறவிருக்கும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. அந்த உறவைக் காட்ட, உலகின் மறுகோடியிலிருந்த ஒரு மலைநாட்டு மக்கள் பேரிழப்பைச் சுமக்க வேண்டியிருந்தது.

ஃபோரே மக்களின் துயர்

பாப்புவா நியூகினியாவின் கிழக்கு மலைப்பகுதியில் வாழ்பவர்கள் ஃபோரே இனத்தார். கிழங்கு பயிரிட்டும் பன்றி வளர்த்தும் வாழ்ந்த அம்மக்களின் ஊர்களில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு புது நோய் புகுந்தது. 'குரு' என்று அவர்கள் அதனை அழைத்தனர். நம் மொழியில் ஆசானைக் குறிக்கும் இவ்வொலி, அவர்கள் மொழியில் நடுக்கத்தைக் குறிப்பதாகும். முதலில் நடை தள்ளாடும், கோலூன்றி நடப்பார்கள். பின்னர் நிற்க முடியாது, உட்கார்ந்தே இருப்பார்கள். அதன்பின் உட்காரவும் இயலாமல் படுக்கையோடு கிடப்பார்கள். காரணமின்றிச் சிரிப்பு வரும். விழுங்கும் ஆற்றலும் போய், பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவார்கள்.

நோயுற்றவர்களில் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளுமாக இருந்தனர். 1957ஆம் ஆண்டு வின்சென்ட் ஸிகாஸ், கார்ல்டன் கைடுஷெக் என்னும் மருத்துவர்கள் இந்நோயை உலகுக்கு அறிவித்தபொழுது, ஆண்டுக்கு இருநூறு பேருக்கு மேல் இதனால் இறந்துகொண்டிருந்தனர். சில ஊர்களில் தாயற்ற பிள்ளைகளைத் தந்தையரே தனித்து வளர்க்க வேண்டிய நிலை. தங்கள் குலமே அற்றுப்போகும் என்று அஞ்சிய மக்கள், இது சூனியக்காரர் செய்யும் கொடுமை என நம்பினர். 1960களின் தொடக்கத்தில் ஊர்க்கூட்டங்கள் கூட்டி, "எங்கள் பெண்களை விட்டுவிடுங்கள்" என்று முகம் தெரியாத அந்தச் சூனியக்காரர்களை நோக்கிக் கெஞ்சினர். இதனை மூடநம்பிக்கை என்று எள்ளுவது எளிது. ஆனால் அன்று மருத்துவ உலகத்திடமும் இதைவிட நல்ல விடை ஏதும் இருக்கவில்லை. நஞ்சோ, உணவுக் குறையோ, பரம்பரைக் கோளாறோ என்று அதுவும் இருட்டில் தடவிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. 1959இல் வில்லியம் ஹாட்லோ என்னும் அமெரிக்கக் கால்நடை அறிஞர் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில் குரு நோயாளியின் மூளைப் படங்களைப் பார்த்தார். அவர் ஸ்கிரேப்பி நோயை ஆராய்ந்துவந்தவர். மனித மூளையில் கண்ட துளைகள், தாம் நாள்தோறும் ஆட்டின் மூளையில் காணும் துளைகளே என்பதைக் கண்டு திடுக்கிட்டார். "இரண்டும் ஒத்த நோய்கள், குருவையும் ஒரு குரங்கினத்துக்குச் செலுத்தி, நெடுநாள் காத்திருந்து பாருங்கள்" என்ற கருத்துப்பட மருத்துவ ஏடு ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். மகளைப் பறிகொடுத்த ஒரு ஃபோரே குடும்பம் ஆய்வுக்கு இசைவளித்தது. அச்சிறுமியின் மூளைத் திசு 1963இல் சிம்பன்சி ஒன்றுக்குச் செலுத்தப்பட்டது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் சென்றபின் அதன் கால்கள் தள்ளாடின. கைடுஷெக், கிப்ஸ், ஆல்பர்ஸ் ஆகிய மூவரும் 1966இல் இதனை வெளியிட்டனர். கைடுஷெக்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது.

மற்றொரு வெளிச்சத்தை ஷர்லி லின்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்னும் மானிடவியல் அறிஞர்கள் தந்தனர். அவர்கள் மக்களிடையே தங்கி, யார் யாருக்கு உறவு, யார் எந்த ஆண்டில் இறந்தார், யாருடைய இறுதிச் சடங்கில் யார் யார் கலந்துகொண்டனர் என்று முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினர். உண்மை புலப்பட்டது. இறந்த உறவினரின் உடலைப் புழுவுக்கு இரையாக்காமல் தாமே உண்பது ஃபோரே மக்களின் இறுதிக் கடமையாக இருந்தது. மூளை உள்ளிட்ட பகுதிகள் பெண்களுக்கும், அவர்கள் மடியிலிருந்த பிள்ளைகளுக்கும் சென்றன. ஆடவர் பெரும்பாலும் அதில் பங்குகொள்ளவில்லை. பெண்களும் குழந்தைகளும் மடிந்ததன் காரணம் இதுவே!

இறந்தோரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு நல்லடக்கம் செய்யும் வழக்கில் வளர்ந்த நமக்கு இச்செய்தி அதிர்ச்சி தருவது இயல்பு. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. அவர்கள் பசிக்காகவோ பகைக்காகவோ அதனைச் செய்தவர்கள் அல்லர். இழந்தவர்மீது கொண்ட பாசத்தினால் செய்தனர். செய்த மறுநாள் யாரும் நோயுறவில்லை. மறு ஆண்டும் நோயுறவில்லை. குற்றத்தைக் கண்டுகொள்ள அவர்களுக்கு எந்த வழியும் இருக்கவில்லை.

1950களில் ஆஸ்திரேலிய நிருவாகம் அந்த வழக்கத்தைத் தடைசெய்தது. சில ஆண்டுகளில் அது முற்றும் ஒழிந்தது. அதன்பின் பிறந்த குழந்தைகள் எவருக்கும் குரு வரவில்லை. ஆனால் அதற்கு முன் உண்டவர்கள் இருந்தார்களே! அவர்கள் ஒருவர்பின் ஒருவராக, பத்தாண்டுகள், இருபதாண்டுகள், நாற்பதாண்டுகள் கழித்து நோயுற்றனர். 1957க்குப் பின் பதிவான இறப்புகள் 2,700க்கும் மேல். 1996 முதல் 2004 வரை கண்டறியப்பட்ட 11 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், நோய் அவர்களுள் சிலருடைய உடலில் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்திருக்கக் கூடும் என்று கணக்கிட்டனர். குழந்தையாகத் தாயின் மடியில் இருந்து உண்டது, பேரன் பேத்தி எடுத்தபின் எழுந்து வந்து கொன்றது!

உயிரற்றது பெருகுவது எப்படி?

இனி, இதனை உண்டாக்கும் பொருள் யாது என்னும் கேள்விக்கு வருவோம். உயிர் உள்ள எதுவும் தன் இனத்தைப் பெருக்க ஒரு 'எழுத்து' வேண்டும். அது நியூக்ளிக் அமிலம் என்னும் பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. பாக்டீரியாவுக்கும் உண்டு, வைரஸுக்கும் உண்டு. 1960களின் நடுவில் டிக்வா ஆல்பர் என்னும் தென்னாப்பிரிக்கப் பெண் அறிவியலாளர் லண்டனில் ஸ்கிரேப்பிப் பொருளின்மீது கடுமையான கதிர்களைச் செலுத்திப் பார்த்தார். அந்த எழுத்தைச் சிதைத்துவிடக்கூடிய அளவு கதிர் பாய்ந்தும், அதன் நோய் தரும் ஆற்றல் குறையவில்லை. அப்படியானால் அதில் அந்த எழுத்தே இல்லையோ? 1967இல் கிரிஃபித் என்னும் கணித அறிஞர், ஒரு புரதம் மட்டுமே இவ்வாறு பெருகக்கூடும் என்று எழுதினார். உயிரியலின் அடிப்படையையே அசைக்கும் அக்கருத்தைப் பெரும்பாலோர் நம்பவில்லை.

1972இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டான்லி புரூசினர் என்னும் இளம் மருத்துவர், கிராய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோயால் ஒருவர் தம் கண்முன்னே இறப்பதைக் கண்டார். அந்த நோயின் காரணத்தைப் பிரித்தெடுப்பதே தம் வாழ்க்கைப் பணி என முடிவுசெய்தார். பத்தாண்டு உழைப்புக்குப் பின், எத்தனை தூய்மைப்படுத்தியும் அவர் கையில் எஞ்சியது புரதம் ஒன்றே. 1982இல் அதற்கு 'பிரியான்' எனப் பெயரிட்டு வெளியிட்டார். ஏளனமும் எதிர்ப்பும் எழுந்தன. ஆனால் 1985இல் ஒரு வியப்பு வெளிப்பட்டது: அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு வெளியிலிருந்து வந்ததன்று, நம் ஒவ்வொருவர் உடலிலும் பிறவியிலேயே இருப்பது. மூளை உயிரணுக்களின் மேற்பரப்பில் அது தீங்கின்றி அமர்ந்திருக்கிறது. அவ்வாறாயின் நல்ல புரதம் கொடியதாவது எப்படி? உருவம் மாறுவதால். அதே அமினோ அமிலங்கள், அதே வரிசை, மடிந்திருக்கும் விதம் மட்டும் வேறு. அவ்வாறு தவறாக மடிந்த ஒன்று நல்லதன்மீது மோதினால் நல்லதும் தன்னைப்போல் மடிந்துவிடுகிறது.

நம் வீட்டு அடுப்பங்கரையிலிருந்தே இதனை விளங்கிக்கொள்ளலாம். பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் விடியுமுன் பால் முழுவதும் தயிராகிறது. உறைமோரில் உயிருள்ள நுண்கிருமிகள் இருக்கின்றன, அவை பெருகுகின்றன. நோய்கள் யாவும் இப்படியே பரவும் என்றுதான் மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. ஆனால் கற்கண்டு செய்வோரைப் பாருங்கள். காய்ச்சிய சீனிப்பாகில் நூலைத் தொங்கவிடுகிறார்கள். நூலில் முதலில் படிந்த ஒரு துகளின் அமைப்பை ஒட்டிப் பாகிலுள்ள சீனியெல்லாம் அடுக்கடுக்காக வந்து சேர்கிறது. அங்கே உயிர் ஏதும் இல்லை. ஆயினும் ஒன்று பலவாகப் பெருகிவிடுகிறது. பிரியான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உயிரில்லாததால்தான் அதனைக் கொல்ல முடிவதில்லை. கொதிநீரும் ஃபார்மலினும் அதன்முன் தோற்றன.

1990களின் தொடக்கத்தில் சார்லஸ் வைஸ்மன் குழுவினர் இப்புரதத்துக்குரிய மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கி, அவற்றுக்கு ஸ்கிரேப்பியைச் செலுத்தினர். எலிகளுக்கு நோய் வரவில்லை. பாகு இல்லாத இடத்தில் கற்கண்டு ஏது? எதிர்ப்புகள் பெரும்பாலும் ஓய்ந்தன. புரூசினர் 1997இல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்தாக வந்த நஞ்சு

மலைவாழ் மக்களின் அறியாமையால் மட்டுமே இந்நோய் பரவிற்று என்று எண்ணினால் பெரும் பிழை செய்தவர்களாவோம். கற்றறிந்த நாடுகளின் மருத்துவமனைகளிலும் அது பரவியது.

வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு உயரம் கூட்டும் சுரப்பு மருந்தை, 1950களின் பிற்பகுதியிலிருந்து, இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்துவந்தனர். அச்சுரப்பி மூளையின் அடியில் இருப்பது. ஒரு மருந்துத் தொகுதிக்குப் பல ஆயிரம் சடலங்களின் சுரப்பிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் பிரியான் இருந்தாலும் போதும். 1976இல் ஸ்கிரேப்பி ஆய்வாளர் ஆலன் டிக்கின்சன் இந்த அபாயத்தைப் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழுவுக்கு எடுத்துரைத்தார். ஆனால் நோயுற்ற குழந்தை ஒன்றுகூட அன்று இல்லையே! சிகிச்சை தொடர்ந்தது. 1985இல் அமெரிக்காவில் அம்மருந்து பெற்றிருந்த இளைஞர்கள் சிலர் அடுத்தடுத்து இறந்த பின்னரே அது நிறுத்தப்பட்டது. உலகெங்கும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இதனால் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிரான்ஸ் நாட்டவர். எச்சரிக்கை கிடைத்த பின்னரும் 1977ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு புதிய குழந்தைகளுக்குச் சிகிச்சையைத் தொடங்கியது கவனக்குறைவே என்று லண்டன் உயர்நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தம் பிள்ளை நாலு பேரைப்போல் வளர வேண்டும் என்று ஆசைப்பட்ட பெற்றோர், தம் கையாலேயே ஊசிக்கு அழைத்துச் சென்றதை நினைத்து எவ்வளவு கலங்கியிருப்பார்கள்!

சிக்கனத்தின் விலை

இதைவிடப் பெரிய பேரிடர் பிரிட்டனின் மாட்டுப் பண்ணைகளில் விளைந்தது. பால் அதிகம் கறக்க வேண்டுமென்று, இறந்த கால்நடைகளின் கழிவை வேகவைத்து அரைத்த இறைச்சி எலும்புத் தூளைப் பசுக்களுக்குத் தீவனத்தோடு கலந்து கொடுத்துவந்தனர். புல் தின்னப் பிறந்த பசு தன் இனத்தையே தின்றது. ஃபோரே மக்கள் பாசத்தினால் செய்ததை இவர்கள் ஆதாயத்துக்காகச் செய்தார்கள் என்று கூறலாம்.

1986 நவம்பரில் ஒரு புதிய மாட்டு நோய் அங்கு அடையாளம் காணப்பட்டது. கால்கள் பின்னி, அஞ்சி மிரண்டு, உதைத்து விழும் மாடுகளின் மூளையில் அதே கடற்பஞ்சுத் துளைகள். 'மேட் கவ்' என்று செய்தித்தாள்கள் அதனை அழைத்தன. நாம் மாட்டுப் பித்து நோய் என்போம். இது முதன்முதல் எங்ஙனம் தோன்றிற்று என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தீவனத்தின் வழியாகவே பரவிற்று என்பதில் வேறுபாடு இல்லை. 1988 ஜூலையில் அத்தீவனம் மாடுகளுக்குத் தடைசெய்யப்பட்டது. ஆனால் அதே ஆலைகளில் பன்றிக்கும் கோழிக்கும் அது அரைக்கப்பட்டுவந்தது, கலப்பு நின்றபாடில்லை. தடைக்குப் பின் பிறந்த மாடுகளும் ஆயிரக்கணக்கில் நோயுற்றன. பண்ணை விலங்குகள் அனைத்துக்கும் அதனை விலக்கியது 1996இல்தான்.

மனிதருக்கு இதனால் தீங்கு உண்டா? இக்கேள்விக்கு விடை காண அரசு அமைத்த சௌத்வுட் குழு 1989 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. மனிதருக்கு அபாயம் நேர்வது மிகவும் அரிது என்றும், மொத்தம் 17,000 முதல் 20,000 மாடுகள் நோயுறலாம் என்றும் அது கணித்தது. தங்கள் கணிப்புத் தவறானால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் அதே குழு எழுதியிருந்தது. முதற்பகுதியைப் பலரும் படித்தனர். பிற்பகுதியைச் சிலரே படித்தனர். நோயுற்றதாக உறுதிசெய்யப்பட்ட மாடுகளின் தொகை இறுதியில் 1,80,000ஐத் தாண்டியது.

1990 மே மாதம் வேளாண்மை அமைச்சர் ஜான் கம்மர், புகைப்படக்காரர்கள் முன்னிலையில் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். மக்களின் அச்சத்தைப் போக்குவது அவர் நோக்கம். அவர் பொய் சொல்லவில்லை என்றே நாம் கருதுகிறோம். பெற்ற மகளுக்கு அறிந்தே நஞ்சூட்டுவார் யார்? அவர் உண்மையாகவே நம்பினார். வருந்துவதற்குரியதும் அதுவே. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை, "மனிதர் எவரும் நோயுற்றதாகச் சான்றில்லை" என்பது மட்டுமே. நோய் தூங்கும் காலம் பல ஆண்டுகளாக இருக்கையில், நான்காண்டுகளில் சான்று எங்கிருந்து கிடைக்கும்?

சான்று 1995இல் வந்தது. 19 வயது இளைஞர் ஒருவர், முதியோருக்கு வரும் நோயைப் போன்றதொன்றால் இறந்தார். பின்னர் மேலும் சில இளவயதினர். 1996 மார்ச் 20ஆம் நாள் சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரெல் நாடாளுமன்றத்தில் எழுந்து, பத்து இளவயது நோயாளிகளின் நோய்க்கு மாட்டு நோய் காரணமாயிருக்கக்கூடும் என்று அறிவித்தார். ஐரோப்பா அந்நாட்டு மாட்டிறைச்சிக்குக் கதவடைத்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கொன்று அழிக்கப்பட்டன. பிரிட்டனில் மட்டும் 178 பேர் இந்நோயால் இறந்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான ஃபிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு மக்களிடம் பொய் கூறவில்லை. ஆனால் மக்கள் பதறிவிடக்கூடாதே என்ற ஒரே கவலையில் மூழ்கியதால் அபாயத்தை மக்களிடம் உள்ளபடி எடுத்துரைக்கவில்லை என்று முடிவுகூறியது. உண்மை வெளிப்பட்டபொழுது, தாம் ஏமாற்றப்பட்டதாகவே மக்கள் உணர்ந்தனர்.

கற்றவர்களும் கற்காதவர்களும்

இவ்வரலாற்றில் ஆறுதல் தரும் ஓர் அத்தியாயமும் உண்டு. இரத்தம் ஏற்றுவதால் இந்நோய் பரவுமா என்பது 1999இல் யாருக்கும் தெரியாது. ஆயினும் பிரிட்டன் அவ்வாண்டே, தானமாகப் பெற்ற இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை வடிகட்டி நீக்கும் முறையை நாடெங்கும் கொண்டுவந்தது. செலவு பெரிது, சான்றோ இல்லை. பிரிட்டனில் தங்கியிருந்தவர்களிடமிருந்து இரத்தம் பெறுவதை அமெரிக்காவும் அவ்வாண்டிலேயே கட்டுப்படுத்தியது. அக்கட்டுப்பாடு 2022இல்தான் விலக்கப்பட்டது. இரத்தத்தின் வழியே ஒருவருக்கு நோய் தொற்றியது முதன்முதலாகத் தெரியவந்தது 2003இல். அவர் இரத்தம் பெற்றது வடிகட்டும் முறை வருவதற்கு முன்பு. சான்று வரும்வரை கைகட்டி இருந்திருந்தால் எத்தனை பேர் பலியாகியிருப்பார்களோ! ஒருமுறை பட்ட அடி பாடமாயிற்று.

குருவைப் பற்றி ஃபோரே மக்கள் தந்த அறிவும் இங்கே பயன்பட்டது. நம் பிரியான் மரபணுவில் 129 என்னும் ஓரிடத்தில் மனிதருக்கு மனிதர் சிறு வேறுபாடு உண்டு. குருவில் மிக நீண்ட காலம் கழித்து நோயுற்ற முதியோரிற் பெரும்பாலோர் அவ்விடத்தில் கலப்பு வகையினர். மாட்டு நோயால் இறந்து, மரபணு ஆராயப்பட்டவர்கள் அதுவரை யாவரும் ஒரே தனி வகையினர். அப்படியானால் கலப்பு வகையினர் தப்பிவிட்டனரா, அல்லது அவர்களுக்கு நாள் தள்ளிப் போகிறதா? 2016இல் இறந்த ஒருவர் கலப்பு வகையினராக இருந்தார். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவையில் நீக்கிய 32,441 குடல்வால்களில் 16இல் அந்தத் தீய புரதத்தின் சுவடு காணப்பட்டது. இரண்டாயிரத்தில் ஒன்று! இவர்களுக்கெல்லாம் நோய் வந்தே தீரும் என்பதன்று. வராமலே வாழ்ந்து முடிக்கலாம். ஆனால் கணக்கை மூடிவிட்டோம் என்று சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை.

ஃபோரே மக்கள் மற்றொன்றையும் தந்தனர். குரு கடுமையாகத் தாக்கிய ஊர்களில் பிழைத்துநின்ற சிலரிடம், வேறெங்கும் காணாத ஒரு மரபணு மாற்றம் இருப்பது 2009இல் வெளியாயிற்று. அதனை எலிகளில் புகுத்திப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், அந்த எலிகள் குருவுக்கு அசையாமல் நின்றன. நோயற்ற வாழ்வுக்கு என்றேனும் மருந்து கிடைக்குமாயின், அதற்கான வழியைக் காட்டியவர்களில் எழுத்தறியாத அம்மலைவாழ் அன்னையரும் இருப்பார்கள்.

இன்றும் வட அமெரிக்கக் காடுகளில் மான்களிடையே ஒரு பிரியான் நோய் பரவிவருகிறது. 1967இல் கொலராடோ மாநிலத்தில் முதலில் காணப்பட்டது அது. 2018இல் அல்ஜீரியாவின் வர்கலா வட்டாரத்தில் ஒட்டகங்களிடமும் இத்தகைய நோய் இருப்பதாக அறிஞர்கள் அறிவித்தனர். இரண்டும் மனிதரைத் தொற்றியதாகச் சான்றில்லை. மெய்தான். ஆனால் அச்சொல்லை எவ்வாறு படிப்பது என்பதை நாம் இப்பொழுது அறிவோம். அஞ்சி நடுங்கவும் வேண்டாம். அலட்சியமாய் இருக்கவும் வேண்டாம். நோயுற்ற விலங்கை உணவாக்காமையும், மேய்ச்சல் விலங்குக்கு அதன் இயற்கை உணவையே தருவதும், ஆராய்வோரைப் பொறுமையோடு ஆராயவிடுவதும், அறிந்ததை மக்களிடம் மறைக்காமையும் போதும்.

விதைத்த அன்றே எந்த விதையும் முளைப்பதில்லை. முளைக்கவில்லை என்பதால் அது விதையே அன்று என்று சொல்லிவிட முடியுமா? ஃபோரே மக்களின் மொழியில் குரு என்பது நடுக்கம். உலகத்துக்கு அது மெய்யாகவே ஆசானாயிற்று. அந்த ஆசானுக்கு அவர்கள் செலுத்திய காணிக்கை 2,700க்கும் மேற்பட்ட உயிர்கள். அத்தனை விலை கொடுத்துப் பெற்ற பாடத்தை நாம் மறந்துவிடலாகாது.